ஃபைபர் படகில் மின் இணைப்பு: எந்த முனை கடலைத் தாங்கும்?

காரைக்கால் மாவட்டத்தின் வடகோடியில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் மீனவ ஊர் மண்டபத்தூர். ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கரையில் ஏற்றிக் கிடந்தவை பெரும்பாலும் கட்டுமரங்கள். கட்டுமரத்தில் கயிறு உண்டு, மின்கம்பி கிடையாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகவும் கடனாகவும் ஃபைபர் படகுகள் வந்து இறங்கின. எஞ்சின் வந்தது, பேட்டரி வந்தது, பேட்டரிக்குப் பின்னாலேயே கம்பியும் வந்தது. இன்று சாதாரண ஃபைபர் படகு ஒன்றில் ஜி.பி.எஸ்., ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். கருவி, வலை பார்க்க ஒரு எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் இருக்கின்றன. (வெளிச்சம் போட்டு மீனைக் கூட்டிப் பிடிக்கும் பெரிய விளக்குகளைச் சொல்லவில்லை. அதற்கு 2017 முதல் தடை இருக்கிறது.) சில படகுகளில் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கச் சின்ன பம்பும் உண்டு. இது போதாதென்று, நாடு முழுவதும் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு 364 கோடி ரூபாய் செலவில் செயற்கைக்கோள் வழித் தகவல் தரும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு நடத்துகிறது. கடலோர மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாகப் பதின்மூன்றும் அதில் அடக்கம்.

கருவிகளைப் பற்றிப் பேச விற்பவர் இருக்கிறார், மானியம் தரும் துறை இருக்கிறது. பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவில் உள்ள முனைகளைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. நடுக்கடலில் 'ஜி.பி.எஸ். போயிடுச்சு' என்றால், கரைக்கு வந்து பார்க்கையில் பெரும்பாலும் ஜி.பி.எஸ். நன்றாகவே இருக்கும், போயிருப்பது கனெக்ஷன். அது சின்னக் கோளாறுதான், ஆனால் விளைவு சின்னதாக இருப்பதில்லை. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த இலங்கை எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது, திரையில்தான் தெரியும். வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் 2009 முதல் இயங்குகிறது. அதற்கு வந்து போகும் நிலக்கரிக் கப்பலின் மாலுமிக்கு, விளக்கு அணைந்த ஃபைபர் படகு இரவில் தெரியவே தெரியாது.

எந்த முனையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன், வீட்டு வயரிங் அனுபவம் படகில் ஏன் கைகொடுப்பதில்லை என்பதைப் பார்த்துவிட வேண்டும். படகுக்குக் கம்பி இழுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்கும் இழுப்பவர்தான். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது; கணக்கு மாறிவிடுகிறது என்பதுதான் விஷயம். 60 வாட் சாமான் ஒன்று வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும்போது கால் ஆம்பியர்தான் இழுக்கும். அதே 60 வாட் பம்பு படகில் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் களிம்பு பிடித்த முனை ஒன்று 0.1 ஓம் தடையைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் அது விழுங்குவது 0.026 வோல்ட், யாருக்கும் தெரியாது. படகில் அரை வோல்ட் போய்விடும். அப்படி நாலு முனை இருந்தால் 2 வோல்ட். பேட்டரியில் 12 இருந்தாலும் கருவிக்குப் போய்ச் சேர்வது 10தான். ஜி.பி.எஸ். அணைந்து அணைந்து எரிவதும், வி.எச்.எஃப். கேட்கும்போது சரியாக இருந்து பேச அழுத்தியதும் செத்துப்போவதும் இதனால்தான். பேசும்போது அது அதிக ஆம்பியர் கேட்கிறது, அதைக் கொடுக்க முனையால் முடியவில்லை. பேட்டரியைக் குறை சொல்லிப் புதிதாக வாங்கி வைத்தாலும் இந்தக் கோளாறு தீராது. விசைப்படகில் 20 ஆம்பியர் ஓடும் பாதையில் இதே 0.1 ஓம் இருந்தால் அந்த ஒரு முனையில் 40 வாட் சூடு உண்டாகும். கடையில் விற்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். டேப் உருகி, ஸ்லீவ் கருகிப் போவதில் ஆச்சரியம் இல்லை.

கம்பியின் பருமனும் இதே கணக்குதான். பேட்டரியிலிருந்து 10 மீட்டர் தள்ளி 5 ஆம்பியர் பம்பு இருந்தால் போக வர 20 மீட்டர். 1.5 சதுர மி.மீ. கம்பியில் 1.15 வோல்ட் இறங்கும், அதாவது பத்தில் ஒரு பங்கு. 6 சதுர மி.மீ. போட்டால் 0.29 வோல்ட்டோடு நிற்கும். அமெரிக்கப் படகுக் குழுமமான ஏ.பி.ஒய்.சி.யின் மின் விதிகள் வழிகாட்டும் விளக்கு போன்ற முக்கியப் பாதைகளுக்கு 3 சதவீதமும் மற்றவற்றுக்கு 10 சதவீதமும் இறக்கம் அனுமதிக்கின்றன. உல்லாசப் படகுக்காரர்களை நினைத்து எழுதிய விதிகள்தான் அவை. ஆனாலும் உப்புத் தண்ணீருக்குப் பணக்காரர், ஏழை தெரியாது என்பதால் நமக்கும் அப்படியே பொருந்துகின்றன.

முனையைக் கெடுப்பவை மூன்று. முதலாவது உப்பு. செம்பு இழைகளின் வெட்டிய முனையில் உப்புத் தண்ணீர் பட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது காப்புக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். ஒரு பருவம் ஓடிய படகுக் கம்பியின் முனையை வெட்டிப் பாருங்கள். பளபளவென்று இருக்க வேண்டிய இழைகள் கறுத்து, பச்சைக் களிம்பு பூத்திருக்கும். இன்னும் ஒரு சாண் தள்ளி வெட்டினாலும் கறுப்புதான். புதிய முனை போட நல்ல செம்பே கிடைக்காமல், கடைசியில் கம்பி முழுவதையும் உருவிப் போட வேண்டியதாகிவிடும்.

இரண்டாவது அதிர்வு. இந்தக் கரையோரம் ஃபைபர் படகுகளில் நீளத் தண்டு வைத்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் அதிகம். நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வைத்தால் நொடிக்கு 50 உலுக்கல். எட்டு மணி நேரத்தில் 14 லட்சத்துக்கு மேல். திருகாணி தளர்வதும், ஒற்றைக் கம்பி ஒடிவதும் அதனால்தான். சுவருக்குள் பதிக்கும் ஒற்றைக் கம்பியைப் படகில் எந்தக் காரணத்துக்கும் போடக் கூடாது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. மின்சாரம் ஓடும் முனை உப்புத் தண்ணீரில் மூழ்கினால் அரிப்பு பல மடங்கு வேகமாகும், அதிலும் பாசிட்டிவ் பக்கம்தான் கரையும். படகடியில் கிடக்கும் பம்பின் இரண்டு கம்பிகளையும் பார்த்தால் புரியும்: நெகட்டிவ் முனை அழுக்கோடு நின்றிருக்கும், பாசிட்டிவ் முனை பச்சைப் பொடியாகி உதிரும். தண்ணீர் தேங்கும் மட்டத்துக்குக் கீழே இணைப்பே வைக்காமல் இருந்தால் இந்தத் தொல்லை வராது. பம்போடு வரும் கம்பி குட்டையாக இருந்தால், தண்ணீர் எட்டாத உயரம் வரை அதைத் தூக்கிக் கட்டி அங்கே இணைக்க வேண்டும்.

இனி முனைகள். கரையில் அதிகம் காண்பது முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. இதற்கு நல்ல வார்த்தை ஒன்றும் சொல்வதற்கில்லை. வெயிலில் டேப்பின் பசை இளகி வழுகும், இரவில் ஈரம் உள்ளே போகும், போன ஈரம் வெளியே வராது. டேப்புக்கு மேல் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றுகிறவர்கள் உண்டு, எம்-சீல் பூசி உருண்டை பிடித்துவிடுகிறவர்களும் உண்டு. வெளியிலிருந்து வரும் தண்ணீரை அது தடுக்கலாம், கம்பிக்குள் ஊறி வருவதைத் தடுக்காது. கெட்டுப்போனால் திறந்து பார்க்கவும் வழியில்லை. இன்னொரு பழக்கம், குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கி அப்பிவிடுவது. அதிலிருந்து வினிகர் வாசம் வந்தால் அசெட்டிக் அமிலம் வெளிவிட்டு இறுகும் வகை என்று அர்த்தம். அந்த அமிலம் செம்பை அரிக்கும். பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவதே உள்ளிருந்து தின்னும்.

அடுத்தது திருகாணி வைத்த ஸ்ட்ரிப் கனெக்டர். வீட்டு வயரிங்கில் மின்விசிறி மாட்டப் பயன்படும் வெள்ளை பிளாஸ்டிக் துண்டுதான் அது. உள்ளே பித்தளைக் குழாய், கம்பியை நேராகக் குத்தி அழுத்தும் திருகாணி. பல இழைக் கம்பியில் அந்தத் திருகாணி நுனி இழைகளை வெட்டிவிடும். மிஞ்சியவை அதிர்வில் ஒவ்வொன்றாக ஒடியும். திருகாணி இரும்பாக இருந்துவிட்டால் துருப்பிடித்து ஸ்க்ரூடிரைவருக்கும் வராது. பீங்கான் கனெக்டரும் இதே கதைதான். விலை மலிவு, எங்கும் கிடைக்கும் என்பதைத் தவிர இதற்குப் படகில் வேலை இல்லை. நெம்புகோல் வைத்த புதுவகை ஸ்பிரிங் கனெக்டர்கள் வீட்டுக்கு மிக நல்லவை. ஆனால் கம்பி நுழையும் வாய் திறந்தே இருப்பதால் கடல் காற்றுக்கு அவையும் தாங்கா.

ஈயம் பற்றவைப்பது பற்றித்தான் சண்டையே. 'சால்டர் பண்ணா அசையாது' என்பது பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் நம்பிக்கை. ரேடியோப் பெட்டிக்குள் அது உண்மை. கம்பியில் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி, எங்கே நிற்கிறதோ அதுவரை கம்பி விறைத்துக்கொள்கிறது. விறைப்பும் வளைவும் சந்திக்கும் அந்த இடத்தில், காப்புக்குள் மறைவாக, அதிர்வு இழைகளை ஒடிக்கிறது. துடைக்காமல் விட்ட பிளக்ஸ் பசை அரிப்பையும் கூட்டும். முனை சூடாகும் அளவுக்கு மின்சாரம் ஓடினால் ஈயமே இளகி விலகும். ஏ.பி.ஒய்.சி. விதி ஈயத்தை முழுவதும் தள்ளிவைக்கவில்லை. பேட்டரி லக்குக்கு (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனைதான் லக்) விலக்குக் கொடுத்துவிட்டு, மற்ற இடங்களில் ஈயம் மட்டுமே பிடிமானமாக இருக்கக் கூடாது என்கிறது. என் கணிப்பும் அதுதான்: சரியாக அழுத்திய முனைக்கு ஈயம் தேவையில்லை, சரியாக அழுத்தாத முனையை ஈயம் காப்பாற்றாது. ஈய வளையம் உள்ளே வைத்து, லைட்டர் காட்டினால் தானே ஒட்டிக்கொள்ளும் கண்ணாடிக் குழாய் ஸ்லீவ்கள் இப்போது ஆன்லைனில் பரவலாகக் கிடைக்கின்றன. சீக்கிரம் உருகும் ஈயம் அது. பிடிமானமும் அதை நம்பியே இருக்கிறது. படகுக்கு வேண்டாம்.

அப்படியானால் அழுத்தும் லக்தான். இந்த முறையின் பூர்வீகமே கடலும் வானமும்தான். 1941இல் அன்கஸ் விட்டேக்கர் அமெரிக்காவில் தொடங்கிய ஏர்கிராஃப்ட்-மெரைன் புராடக்ட்ஸ் என்ற நிறுவனம், போர்க்கால விமானங்களுக்கும் படகுகளுக்கும் ஈயமில்லாமல் அழுத்திப் பொருத்தும் முனைகளைச் செய்து வளர்ந்தது. பின்னாளில் ஏ.எம்.பி. என்று பெயர் பெற்றது அதுவே. முறை எளிது. செம்புக் குழாய்க்குள் இழைகளை விட்டு, இழைக்கும் இழைக்கும் நடுவில் காற்றுக்கே இடமில்லாதபடி அழுத்தினால், உலோகம் உலோகத்தோடு நெருங்கி ஒன்றாகிவிடும். இடமில்லாத இடத்தில் உப்புத் தண்ணீர் நுழையாது.

ஆனால் கட்டிங் ப்ளையரால் நசுக்குவதும் சுத்தியலால் தட்டுவதும் இந்த வேலை ஆகாது. தட்டையான லக்குக்குள் இரண்டு ஓரத்திலும் இடைவெளி நின்றுவிடும். இழுத்தால் கம்பி உருவிக்கொண்டு வரும். முழு அழுத்தம் வரும் வரை வாய் திறக்காத ராட்செட் கிரிம்பிங் டூல் வேண்டும். ஆயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. காப்போடு வரும் சின்ன லக்குகளில் சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ. கம்பிக்கு, நீலம் 1.5 முதல் 2.5க்கு, மஞ்சள் 4 முதல் 6க்கு. அந்தந்த நிறத்துக்கு அந்தந்தப் பள்ளம் டூலிலேயே இருக்கும். காப்பை உரிக்கும்போது ஓர் இழைகூட வெட்டுப்படக் கூடாது. குழாயின் மறுவாயில் இழைகள் நூலளவு எட்டிப் பார்க்க வேண்டும். அழுத்திய பின் கையால் வலுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் நல்லதே, கரையில் வந்துவிட்டது.

லக்கின் உலோகத்தையும் பார்த்து வாங்க வேண்டும். ஈ.பி. வேலைக்குப் பயன்படும் அலுமினிய லக் மலிவாகக் கிடைக்கும். உப்பு ஈரத்தில் செம்போடு சேர்ந்தால் அலுமினியம் தன்னைக் கொடுத்துச் செம்பைக் காக்கும்; வெள்ளைப் பொடியாகிக் கழன்று விழும். வேண்டியது வெள்ளீயம் பூசிய செம்பு லக். பூச்சு எல்லாவற்றையும் வெள்ளையாகக் காட்டும் என்பதால் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்ப்பது நல்லது: செம்பென்றால் சிவக்கும், பித்தளை என்றால் மஞ்சளிக்கும். வடிவத்தில் வளைய லக்கே மேல். திருகாணி தளர்ந்தாலும் கழன்று விழாது. வாய் பிளந்த லக் தளர்ந்த அன்றே நழுவும். மோட்டார் சைக்கிளில் வரும் குத்தி இழுக்கும் புல்லட் முனைகளைப் படகில் நான் நம்புவதில்லை. ஒரே திருகாணியில் நாலு லக்குக்கு மேல் அடுக்குவதும் கூடாது.

லக்குக்கு மேல் உள்பக்கம் பசை பூசிய சுருங்கும் ஸ்லீவ் வேண்டும். சாதாரண ஸ்லீவும் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். சூடு பட்டதும் வாயோரம் பசை பிதுங்கினால்தான் அது சரியான சரக்கு. கரையில் காற்றில் தீக்குச்சி கிழித்துச் சூடு காட்டினால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் சுருங்காது. வேலையை வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொண்டு ஹாட் ஏர் கன் பிடிப்பது நல்லது.

கம்பி விஷயத்தில் இந்தக் கரைக்குப் புதிதாக ஒரு வசதி வந்திருக்கிறது. வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்புக் கம்பிதான் கடலுக்கு ஏற்றது. 'மெரைன் வயர்' என்று கேட்டால் சின்ன ஊர்க் கடையில் கிடைக்காது. வெளிநாட்டுச் சரக்கு விலை கட்டுப்படியாகாது. ஆனால் வீட்டுக் கூரையில் சோலார் போடுகிறவர்கள் பயன்படுத்தும் டி.சி. கேபிள் இதேதான்: மெல்லிய இழைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளீயப் பூச்சு, வெயில் தாங்கும் காப்பு. ஐ.எஸ். 17293 என்றோ இ.என். 50618 என்றோ கேபிள் மேலேயே அச்சிட்டிருக்கும். 4, 6 சதுர மி.மீ. அளவுகள் சோலார் பொருத்தும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஃபைபர் படகுக்கு இந்த இரண்டும் போதும். இதன் காப்பு தடிமனானது என்பதால் நிறக் காப்பு வைத்த லக்கின் வாய்க்குள் நுழையாது. காப்பில்லாத லக் போட்டுத் தனி ஸ்லீவ் சுருக்க வேண்டும். கூடவே விற்கும் எம்.சி.4 கனெக்டரும் தண்ணீர் புகாதது. படகில் சோலார் தகடு வைத்திருந்தால் அதையே பயன்படுத்தலாம். மின்சாரம் ஓடும்போது மட்டும் அதைப் பிரிக்கக் கூடாது, ஒரு கம்பெனி ஆணை இன்னொரு கம்பெனி பெண்ணோடு சேர்க்கவும் கூடாது.

கழற்றி மாட்ட வேண்டிய இடங்களுக்குத் தண்ணீர் புகாத பிளக் கனெக்டர்கள் உண்டு. டாய்ட்ச், சூப்பர்சீல் போன்ற வகைகளில் ஒவ்வொரு கம்பிக்கும் தனி ரப்பர் வாசல். மண் அள்ளும் இயந்திரங்கள், லாரிகளின் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஐ.பி.67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை புதுச் சரக்குக்கு, நல்ல தண்ணீரில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம். பயன்படுத்தாத ஓட்டையை அடைக்காமல் விட்டால் ஐ.பி. எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஃபைபர் படகில் எல்லாவற்றையும்விடப் பாடுபடும் முனை பேட்டரியில் இருப்பதுதான். இங்கே ஓடும் டீசல் எஞ்சின்கள் பல கையால் சுற்றிக் கிளப்புபவை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அவற்றில் கிடையாது. பேட்டரியைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு, மறுபடி கொண்டுவந்து மாட்ட வேண்டும். அதனால்தான் முதலைக் கிளிப் இந்தக் கரையில் இவ்வளவு பரவியது. அவசரத்துக்கு அது வசதிதான். ஆனால் சில பற்களின் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும், அலை அடித்தால் கழலும், இருட்டில் மாற்றி மாட்டினால் கருவியே புகைந்துவிடும். வெளிநாட்டு விதிநூல்கள் பேட்டரியை ஓரிடத்தில் போல்ட் போட்டு நிறுத்தியதாகவே பேசுகின்றன. தினமும் தோளேறும் பேட்டரிக்கு அவற்றில் பதில் இல்லை, நாமே தேட வேண்டும்.

எனக்குச் சரியென்று படும் வழி இது. பேட்டரி முனைகளில் செம்பு லக்கோடு ஒரு முழம் கம்பியை நிரந்தரமாக முடுக்கிவிடுங்கள். பாசிட்டிவ் கம்பியில், பேட்டரியை ஒட்டியே, ஒரு பிளேடு ஃபியூஸ் வையுங்கள். பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் வேண்டும் என்பது விதி. லெட்-ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் என்பதுதான் அதற்குக் காரணம். கம்பியின் மறுமுனையில் பேட்டரி ரிக்ஷாக்களில் வரும் ஆண்டர்சன் வகை இரட்டைக் கனெக்டர். படகிலும் வீட்டுச் சார்ஜரிலும் அதே ஜோடி. மாற்றிச் செருக முடியாது, கைவிரல் அகலத்துக்கு உலோகம் உலோகத்தோடு உரசிப் பிடிக்கும், தேய்ந்தால் கனெக்டரை மட்டும் மாற்றினால் போதும். தண்ணீர் புகாத வகை இல்லை என்பது இதன் குறை. பேட்டரிப் பெட்டிக்குள், உயரத்தில், வாய் கீழ்நோக்கி வைத்து சிலிக்கான் கிரீஸ் தடவினால் சமாளிக்கலாம். பேட்டரியின் ஈய முனைகளுக்கு வாஸ்லினே போதும். முடுக்கிய பிறகு தடவ வேண்டும், முன்னால் தடவக் கூடாது.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளின் நிலைமை வேறு. அங்கே ஆல்டர்னேட்டர் உண்டு, பேட்டரி நிலையாக இருக்கும், கம்பியும் நீளம். அடிப்படை மாறவில்லை என்பதால் அதற்குள் போகவில்லை.

செலவு எவ்வளவு கூடும்? கம்பி, லக், ஸ்லீவ், கனெக்டர் எல்லாம் சேர்த்தாலும் ஜி.பி.எஸ். கருவியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. டூல்தான் தனியாள் வாங்கத் தயங்கும் பொருள், அதுவும் வருடத்துக்கு ஒருமுறை எடுப்பது. ஊருக்கு ஒரு டூல், பஞ்சாயத்தார் பொறுப்பில் இருந்தால் போதும். காரைக்காலில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, கடலோர இளைஞர்களுக்குப் படகு மின் இணைப்பு என்று ஒரு வாரக் குறும்பயிற்சி நடத்த அதற்குப் பெரிய கருவிகளும் தேவையில்லை. கருவிக்கு மானியம் தரும் மீன்வளத் துறை, கருவியோடு ஒரு முழுமையான இணைப்புப் பொட்டலத்தையும் சேர்த்துத் தந்தால் மானியப் பணமும் வீணாகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகளுக்குத்தான் அந்தத் தடை. ஃபைபர் படகுக்காரரும் படகைச் செப்பனிட அந்த நாட்களையே எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மல்ட்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, விளக்கையும் பம்பையும் ஓடவிட்டு, ஒவ்வொரு முனைக்கும் இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி வைத்துப் பாருங்கள். நல்ல முனை 0.05 வோல்ட்டைத் தாண்டாது. 0.1க்கு மேல் காட்டினால் டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், வெட்டியெறிந்துவிட்டுப் புது லக் போடுங்கள்.